எத்தனை நாளுக்கு ஒருமுறை? வணிக இணையதளப் பராமரிப்பு: பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதிகளை முன்வைத்து

வணிக இணையதளம் ஒன்றை எத்தனை நாளுக்கு ஒருமுறை சோதித்துப் பார்க்க வேண்டும்? தளத்தை அமைத்துக் கொடுத்தவர் மாதம் ஒருமுறை போதும் என்பார். ஹோஸ்டிங் விற்பவர் தினமும் பேக்கப் எடுக்கச் சொல்வார். கடை நடத்துபவரோ, நின்றுபோனால் அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்றிருப்பார். மூன்று விடைகளுக்கும் தனித்தனி வரலாறு உண்டு. கேள்வியும் இணையத்தைவிட மூத்தது. விமானத்துக்கும் ஆலை எந்திரத்துக்கும் இதையே கேட்டு, எதிர்பாராத விடைகளைப் பெற்றிருக்கிறார்கள்.

இங்கே அந்த விடைகளைக் கேரளத்தின் தமிழ் பேசும் எல்லைப் பகுதிகளில் வைத்துப் பார்க்கலாம். பாலக்காட்டுப் பக்கம் வாளையாறு, கஞ்சிக்கோடு, சித்தூர், கொழிஞ்சாம்பாறை, முதலமடை. இடுக்கிப் பக்கம் மறையூர், மூணாறு, உடும்பன்சோலை, வண்டன்மேடு, குமுளி. இந்தப் பகுதியைத் தேர்ந்தெடுக்கக் காரணங்கள் உண்டு. இங்குள்ள வியாபாரம் பெரும்பாலும் பருவத்தைச் சார்ந்தது: மாங்காய், ஏலக்காய், சுற்றுலா. வாடிக்கையாளர் தமிழ், மலையாளம், ஆங்கிலம் என மூன்று மொழிகளில் வருகிறார். தளத்தை அமைப்பவர் பல நேரம் கோயம்புத்தூரிலோ கொச்சியிலோ தேனியிலோ இருக்கிறார்.

அட்டவணைக் கட்சி

'வாரம் இது, மாதம் இது, வருடம் இது' என்ற பட்டியல்தான் பரவலான விடை. ஏ.எம்.சி. என்ற ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தங்கள் எல்லாம் இந்த அச்சில் வார்த்தவை. தேய்மானம் என்ற கருத்துதான் இதன் ஊற்று. உதிரிபாகம் ஓட ஓடத் தேயும், தேய்ந்து முறிவதற்குள் மாற்றிவிட வேண்டும்.

இந்தக் கருத்தை முதலில் அசைத்தது இரண்டாம் உலகப் போர். பிரிட்டிஷ் விமானப்படையின் கடலோரப் பிரிவில் ஒவ்வொரு 50 மணி நேரப் பறத்தலுக்கும் ஒருமுறை முழுச் சோதனை நடந்தது. உயிரியல் அறிஞர் சி. எச். வாடிங்டனின் குழு பழுதுக் கணக்குகளைப் புரட்டியபோது, சோதனை முடிந்த உடனேதான் பழுதுகள் அதிகம் என்றும், பறக்கப் பறக்க அவை குறைந்தன என்றும் தெரிந்தது. நல்ல நிலையில் இருந்ததைப் பிரித்து மாட்டியதே பழுதுக்கு வழி செய்தது. 1978-ல் யுனைடெட் ஏர்லைன்ஸ் பொறியாளர்களான நோலன், ஹீப் இருவரும் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்குக் கொடுத்த அறிக்கை இதையே விரிவாகச் சொன்னது. ஆராய்ந்த விமானப் பாகங்களில் சுமார் 11 விழுக்காடுதான் வயதோடு தேய்ந்து பழுதாகும் போக்கைக் காட்டின. 68 விழுக்காடு, பொருத்திய புதிதில் அதிகம் பழுதாகி, பிறகு ஒரே சீராக ஓடின.

இணையதளத்துக்குத் தேய்மானமே கிடையாது. ஐந்து வருடத்துக்கு முன் எழுதிய நிரல் அப்படியேதான் இருக்கிறது, மாறியது அதைச் சுற்றியுள்ள உலகம். அப்படியானால் அட்டவணையை வீசிவிடலாமா? முடியாது. தேதி குறித்து வரும் சாவுகள் சில உண்டு. டொமைன் பதிவு அவற்றில் ஒன்று. 1999 கிறிஸ்துமஸ் சமயத்தில் மைக்ரோசாஃப்ட் தன் பாஸ்போர்ட் டாட் காம் பெயரைப் புதுப்பிக்க மறந்தது. யாரோ ஒரு வாடிக்கையாளர் 35 டாலர் கட்டி அதை மீட்டுக் கொடுத்தார். டாட் காம் பெயர்களுக்குக் காலாவதிக்குப் பிறகு 45 நாள் வரை சலுகை கிடைக்கலாம், அதன்பின் கூடுதல் கட்டணத்தோடு மீட்க 30 நாள். அதுவும் தாண்டினால் பெயர் சந்தைக்குப் போய்விடும்.

'தானாகப் புதுப்பிக்கும்' என்று டிக் அடித்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்களுக்கு இந்தியாவில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. 2021 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கியின் விதி, வாடிக்கையாளரின் பதிவு செய்த ஒப்புதலும் முன்னறிவிப்பும் இல்லாமல் கார்டிலிருந்து தொடர் பிடித்தம் செய்வதைத் தடுக்கிறது. விதி நல்லதுதான். ஆனால் அதற்கேற்ப மாறாத வெளிநாட்டு நிறுவனத்தில் டொமைன் வைத்திருப்பவருக்கு அந்த டிக்கால் பயனில்லை.

பாதுகாப்புச் சான்றிதழ் இரண்டாவது. 2018 ஜூலை முதல் குரோம் உலாவி, சான்றிதழ் இல்லாத தளங்களைப் பாதுகாப்பற்றவை என்று வெளிப்படையாகவே காட்டுகிறது. சான்றிதழின் ஆயுளும் சுருங்கிக்கொண்டே போகிறது. 2020 செப்டம்பரில் 398 நாளாக இருந்த உச்சவரம்பு, 2026 மார்ச் 15 முதல் 200, அடுத்த மார்ச்சில் 100, 2029 மார்ச்சில் 47 நாள் என்று உலாவி நிறுவனங்களும் சான்றிதழ் வழங்குவோரும் 2025-ல் முடிவு செய்தார்கள். இலவசச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்க்ரிப்ட், காலாவதி குறித்து மின்னஞ்சலில் நினைவூட்டுவதை 2025 ஜூன் 4-ல் நிறுத்திவிட்டது. 47 நாளுக்கு ஒருமுறை கையால் மாற்ற யாராலும் ஆகாது, எந்திரம்தான் செய்தாக வேண்டும். அட்டவணைக் கட்சி தன் வலுவான களத்திலேயே இப்படி இடத்தை இழந்துவருகிறது. எந்திரம் தன் வேலையைச் செய்ததா என்று பார்ப்பதுதான் இனி மனிதரின் பங்காக இருக்கும் போலிருக்கிறது.

உடனுக்குடன் புதுப்பிப்போர்

இரண்டாவது தரப்பு நாள்காட்டியைப் பார்ப்பதில்லை. அப்டேட் வந்ததும் போட்டுவிடு என்பதே அதன் விதி. இதற்கும் பழைய வேர் உண்டு. பயன்பாட்டில் இருக்கும் மென்பொருள் மாறிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பயன் குறையும் என்பதை 1974-ல் கணினி அறிஞர் மேயர் லேமன் ஒரு விதியாகவே முன்வைத்தார். 1976-ல் ஸ்வான்சன் மென்பொருள் பராமரிப்பைப் பிழை திருத்தம், சூழலுக்கேற்ற மாற்றம், மெருகேற்றம் என மூன்றாகப் பிரித்தார். பின்னால் வந்த தரநிலைகள் முன்தடுப்பையும் சேர்த்துக்கொண்டன.

இந்தத் தரப்பின் வாதத்துக்குப் பாலக்காட்டிலேயே சான்று இருக்கிறது. 2017 மே 12 அன்று உலகெங்கும் பரவிய வான்னக்ரை என்ற பணயத் தீநிரல், சில நாளில் தென்னக ரயில்வேயின் பாலக்காடு கோட்ட அலுவலகத்தில் பணியாளர், கணக்குப் பிரிவுகளின் கணினிகள் சிலவற்றையும் பூட்டியது. ரயில் ஓட்டம் பாதிக்கப்படவில்லை. ஆனால் அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் பேட்ச்சை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது, ஏறத்தாழ இரண்டு மாதம் முன்பு. ரயில்வே கணினிகள் இணையதளம் ஆகா என்றாலும், பேட்ச் வெளிவருவதற்கும் அதைப் போடுவதற்கும் இடையிலான நாட்களே ஆபத்து என்ற பாடம் இரண்டுக்கும் பொது.

இணையதளங்களில் அந்த இடைவெளி நாளிலிருந்து மணிக்கு இறங்கிவிடலாம். 2014 அக்டோபர் 15 அன்று ட்ரூபல் என்ற இணையதள மென்பொருளில் ஒரு பெரிய ஓட்டை அறிவிக்கப்பட்டது. ஏழு மணி நேரத்துக்குள் பேட்ச் போடாத தளங்கள் எல்லாம் ஊடுருவப்பட்டதாகவே கருதிக்கொள்ளுங்கள் என்று இரண்டு வாரம் கழித்து அதன் பாதுகாப்புக் குழு சொன்னது. இந்திய நேரப்படி இரவு 9.30-க்கு அறிவிப்பு, கெடு அதிகாலை 4.30. மாதம் ஒருமுறை வந்து பார்ப்பவர் இதில் என்ன செய்ய முடியும்? முந்தைய ஆண்டே வேர்ட்பிரஸ் தன் 3.7 பதிப்பில் சிறு அப்டேட்களைத் தானாகவே போட்டுக்கொள்ளும் வசதியைக் கொண்டுவந்தது. உலகின் இணையதளங்களில் பத்துக்கு நான்கு அதில் ஓடுவதால், அந்த ஒரு முடிவு பராமரிப்பு ஒப்பந்தங்களைவிடப் பல தளங்களைக் காப்பாற்றியிருக்கக் கூடும்.

பலவீனமும் அதே வழியாகத்தான் நுழைகிறது. 2017 டிசம்பரில், சுமார் மூன்று லட்சம் வேர்ட்பிரஸ் தளங்களில் இருந்த கேப்ச்சா பிளக்-இன் கைமாறி, புதிய உரிமையாளரின் அப்டேட்டில் கள்ளக்கதவு ஒன்று சேர்ந்து வந்தது தெரியவந்தது. ஒழுங்காக அப்டேட் போட்டவர்தான் அங்கே மாட்டிக்கொண்டார். 2024 ஜூலை 19 அன்று பாதுகாப்பு மென்பொருள் நிறுவனமான கிரவுட்ஸ்ட்ரைக்கின் பிழையான ஓர் அப்டேட் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. வாடிங்டன் கண்டதும் ஏறக்குறைய இதுதான். பெரிய நிறுவனங்கள் இதற்காக ஒரு மாதிரித் தளத்தில் போட்டுப் பார்த்த பிறகே உண்மைத் தளத்தைத் தொடுகின்றன. நான்கு அறை கொண்ட ஹோம்ஸ்டேக்கு அது கட்டுப்படியாகாது. பாதுகாப்பு அப்டேட் தானாக வரட்டும், பெரிய மாற்றம் சில நாள் பொறுத்து வரட்டும், பயன்படாத பிளக்-இன் ஒன்றுகூட இருக்க வேண்டாம் என்ற நடுவழியே இப்போது பெரும்பாலும் பரிந்துரைக்கப்படுகிறது. மூன்றில் கடைசியதுதான் மலிவானது. செய்வோர்தான் குறைவு.

பேக்கப் இருக்கிறது என்ற நம்பிக்கை

எந்தத் தரப்பும் மறுக்காத ஒன்று பேக்கப். விவாதம் இல்லாததாலோ என்னவோ, இங்கேதான் ஏமாற்றமும் அதிகம்.

2017 ஜனவரி 31 இரவு கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். காப்பு ஏற்பாடுகள் ஐந்து இருந்தன. தேவைப்பட்டபோது ஒன்றும் நம்பும்படி இயங்கவில்லை. தினசரி பேக்கப், மென்பொருள் பதிப்புகள் பொருந்தாததால் ஓசையின்றித் தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியைச் சொல்ல வேண்டிய மின்னஞ்சல்களோ அனுப்புநர் சரிபார்ப்பில் தேறாமல் திருப்பி அனுப்பப்பட்டன. தற்செயலாக ஆறு மணி நேரம் முன்பு எடுத்திருந்த ஒரு நகல்தான் காப்பாற்றியது. இவ்வளவையும் அந்த நிறுவனமே வெளிப்படையாக எழுதி வைத்ததால்தான் இன்று எல்லோருக்கும் தெரிகிறது. எழுதாத தோல்விகள் எத்தனையோ.

2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையம் எரிந்தபோது வேறொரு பாடம் கிடைத்தது. பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்த வாடிக்கையாளர்கள் இரண்டையும் சேர்த்தே இழந்தார்கள். ஒரே ஹோஸ்டிங் கணக்குக்குள் தளமும் அதன் பேக்கப்பும் இருக்கும் சிறு வணிகருக்கு இது அப்படியே பொருந்தும். தீ கூட வேண்டாம், கட்டணம் கட்டாமல் கணக்கு முடங்கினாலே போதும். ஆகவே 'பேக்கப் எடுக்கப்பட்டதா' என்ற பட்டியல் வரி பெரிதாக ஒன்றையும் சோதிப்பதில்லை. மீட்டுப் பார்ப்பதே சோதனை. வருடத்துக்கு ஒருமுறை மீட்டுப் பார்த்தால் போதுமா, காலாண்டுக்கு ஒருமுறை வேண்டுமா என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. ஒருமுறைகூடப் பார்க்காதவரிடம் அந்த விவாதத்தைத் தொடங்குவது வீண்.

பெரிய தளங்களிடம் விட்டுவிடலாமா

மூன்றாவது தரப்பு எளிமையானது: சொந்தமாக எதையும் பராமரிக்காதே, பெரியவர்கள் தரும் இடத்தில் கடை போடு. ஒற்றை ஆள் வியாபாரத்துக்கு இது பொருந்தவும் செய்கிறது. சர்வர், சான்றிதழ், பேட்ச் எல்லாம் அவர்கள் தலைவலி.

ஆனால் அந்த இடம் நிலைக்க வேண்டுமே. இலவசமாக இணையதள இடம் தந்த ஜியோசிட்டீஸ் 2009 அக்டோபரில் மூடியது. கூகுள் தன் வணிக விவரப் பக்கத்தோடு இலவசமாகக் கொடுத்த சிறு இணையதளங்களை 2024 மார்ச்சில் நிறுத்தியது. பழைய முகவரிக்கு வருபவரை வணிக விவரப் பக்கத்துக்குத் திருப்பிவிடுவதும் ஜூன் 10-உடன் முடிந்தது. விசிட்டிங் கார்டிலும் பெயர்ப் பலகையிலும் அந்த முகவரியை அச்சடித்தவர்களுக்கு அது நஷ்டம்தான். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் சுமார் ஆறு மணி நேரம் ஒன்றாகப் படுத்தன. ஆர்டர் முழுக்க வாட்ஸ்அப்பில் வாங்குபவருக்கு அன்று மாற்று வழி இல்லை.

பொது அமைப்பே தளத்தை நடத்தும் வழியும் இங்கேயே இருக்கிறது. நறுமணப் பொருள் வாரியத்தின் ஏற்பாட்டில் ஏலக்காய் மின்னணு ஏலம் எல்லைக்கு இந்தப் பக்கம் புற்றடியிலும் அந்தப் பக்கம் போடிநாயக்கனூரிலும் நடக்கிறது. ஏலத்தில் விலை கேட்கும் வியாபாரி எந்த சர்வரையும் பராமரிப்பதில்லை. ஆனால் அதே வியாபாரி சில்லறைக்கு ஏலக்காய் விற்கத் தனியாகத் தளம் வைத்தால், பராமரிப்பு முழுவதும் அவர் தலையில்.

ஓடுகிறது, ஆனால் உதவுகிறதா

2016-ல் கூகுள் பொறியாளர்கள் வெளியிட்ட நூல் 'பிழைக்கான ஒதுக்கீடு' என்ற கருத்தைப் பரவலாக்கியது. நூறு விழுக்காடு இயக்கம் தேவையும் இல்லை, கட்டுப்படியும் ஆகாது. எவ்வளவு நின்றால் பொறுக்கலாம் என்பதை முன்கூட்டியே முடிவு செய்துகொள் என்பது அதன் சாரம். 99.9 விழுக்காடு என்றால் மாதத்துக்கு 43 நிமிடம். 99 என்றால் ஏழு மணி நேரத்துக்குச் சற்று மேல். மசாலாக் கடைக்கு இரண்டாவதே போதும் என்று தோன்றுகிறது, அந்த ஏழு மணி நேரமும் டிசம்பர் கடைசி வாரத்தில் வராதவரை.

தளம் ஓடுகிறதா என்று மட்டும் கேட்கும் கண்காணிப்புக் கருவிக்குத் தெரியாத பழுதுகள்தான் சிறு வணிகத்தில் அதிகம் என்பது இக்கட்டுரையாளரின் கணிப்பு. விசாரணைப் படிவம் நல்ல உதாரணம். 2024 பிப்ரவரி முதல் ஜிமெயில், அனுப்புநர் சரிபார்ப்பு இல்லாத அஞ்சல்களிடம் கடுமை காட்டுகிறது. பழைய தளத்தின் படிவம் 'நன்றி, தொடர்பு கொள்கிறோம்' என்று சிரித்த முகத்தோடு சொல்லும். அஞ்சல் ஸ்பாமில் கிடக்கும், அல்லது போய்ச் சேரவே சேராது. உரிமையாளர் சீசன் மந்தம் என்று நினைத்துக்கொள்வார்.

விலையும் இப்படித்தான். 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. 2022-ல் சராசரி ஆயிரத்துக்கும் கீழே இறங்கியது. இப்படி ஆடும் பொருளுக்குத் தளத்தில் பழைய விலை நின்றால், ஒன்று ஆர்டர் வராது, இல்லை வந்த ஆர்டரில் நஷ்டம். மூணாற்று விடுதிக்கு வேறு தேதிகள் உண்டு. இரவிகுளம் தேசியப் பூங்கா வரையாடுகள் குட்டி ஈனும் காலத்தில், வழக்கமாக பிப்ரவரி, மார்ச் மாதங்களில், மூடியிருக்கும். மழைக்காலத்தில் கேப் ரோட்டில் மண் சரிந்தால் போக்குவரத்துக்குத் தடை வரும். 'இரவிகுளம் பார்க்கலாம்' என்ற வரி பிப்ரவரியில் அப்படியே நின்றால், சர்வர் கணக்கில் பழுது இல்லை. குடும்பத்தோடு மதுரையிலிருந்து வந்தவர் கணக்கில் உண்டு.

மூன்று மொழித் தளங்களில் இது மும்மடங்கு. கட்டணம் மாறும்போது ஆங்கிலப் பக்கம் மாறுகிறது, தமிழ்ப் பக்கமும் மலையாளப் பக்கமும் போன வருட விலையில் தங்கிவிடுகின்றன. பராமரிக்க ஆள் இல்லாத மொழிப் பக்கத்தை எடுத்துவிடுவதா, தேதியிட்டுப் பழையதாகவே வைத்திருப்பதா என்பதில் கருத்துகள் பிரிகின்றன. விலை, தொலைபேசி எண், முன்பண விதி ஆகியவற்றை மட்டும் ஒரே இடத்தில் வைத்து மூன்று பக்கங்களுக்கும் எடுத்துக்கொள்ளும்படி அமைத்தால் சிக்கல் பெரிதும் குறையும். அது தொடக்க வடிவமைப்பில் செய்ய வேண்டியது, பிறகு வரும் எந்தச் சோதனையும் அதை ஈடுகட்டாது. வேகமும் அப்படியே: கோவை ஃபைபர் இணைப்பில் சோதித்து 'நன்று' என்ற தளம், சிக்னல் மெலிந்த மலைப்பாதையில் படம் வராமல் நிற்கும்.

பருவத்தை ஒட்டிய சோதனை

இதுவரை சொன்ன தரப்புகள் எல்லாம் வருடத்தின் எந்த மாதமும் ஒன்றுதான் என்று எடுத்துக்கொள்கின்றன. முதலமடையில் அது பொருந்தாது. இந்தியாவில் முன்கூட்டியே சந்தைக்கு வரும் மாங்காய்களில் அவ்வூரினது ஒன்று. தை, மாசியில் தொடங்கி வைகாசிக்குள் முடிந்துவிடும். ஏலக்காய்ப் பறிப்பு ஆடி ஆவணியில் தொடங்கி மாசி வரை பல சுற்றாக நடக்கும். பெரிய வணிகத் தளங்கள் திருவிழா விற்பனை நாட்களில் எந்த மாற்றமும் செய்யாமல் பூட்டி வைப்பது நீண்ட நாள் வழக்கம். அதையே பருவ வியாபாரத்துக்கு நீட்டலாம்: பெரிய மாற்றங்களும் பேக்கப் மீட்பு ஒத்திகையும் சீசனுக்கு இரண்டு மாதம் முன்பு, சீசனில் பாதுகாப்பு அப்டேட் தவிர எதையும் தொடாமல் படிவமும் கட்டணமும் ஓடுகின்றனவா என்று அடிக்கடி பார்ப்பது. நோலன், ஹீப் கண்ட புதிதில் வரும் பழுதுகள் வேலை இல்லாத மாதங்களில் வந்து தீர்ந்துவிடும்.

இந்த வழியின் ஓட்டை, சீசன் இல்லாத மாதங்கள். யாரும் பார்க்காத தளத்தில் ஊடுருவியவர் மாதக்கணக்கில் தங்கலாம். மாங்காய்த் தளம் ஆடியில் சூதாட்ட விளம்பரம் காட்டினால் மார்கழி வரை யாருக்கும் தெரியாது.

சாவி யார் கையில்

எல்லாத் தரப்புகளும் சோதனையைப் பற்றிப் பேசுகின்றன, சோதிக்க உரிமை உள்ளவர் யார் என்பதை லேசாகக் கடந்துவிடுகின்றன. டொமைன் வடிவமைப்பாளர் பெயரில், ஓடிபி வேலையை விட்டுப்போனவரின் கைபேசிக்கு, ஹோஸ்டிங் மின்னஞ்சல் யாரும் திறக்காத முகவரிக்கு என்றிருந்தால், மேலே சொன்ன எதையும் செய்ய முடியாது. பதிவாளர்கள் ஆண்டுக்கு ஒருமுறை தொடர்பு விவரங்களைச் சரிபார்க்கச் சொல்லி உரிமையாளருக்கு எழுத வேண்டும் என்ற விதி 2003 முதல் இருக்கிறது. விவரமே தவறு என்றால் அந்தக் கடிதமும் தவறான இடத்துக்கே போகும். 2018-க்குப் பிறகு ஐரோப்பியத் தனியுரிமைச் சட்டத்தால் பதிவு விவரங்கள் பெரும்பாலும் மறைக்கப்பட்டுவிட்டதால், தன் டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்று வெளியிலிருந்து பார்ப்பதும் கடினமாகிவிட்டது. எந்தப் பராமரிப்புப் பட்டியலுக்கும் இதுவே முதல் வரியாக இருக்க வேண்டும். பெரும்பாலான பட்டியல்களில் இது இருப்பதே இல்லை.

தீராதவை

செலவை யார் ஏற்பது என்பது தீரவில்லை. தனித்தனியே ஏ.எம்.சி. கட்ட முடியாத சிறு வணிகர்கள் கூட்டாக ஒருவரை அமர்த்தலாம். 2002-ல் மலப்புறத்தில் தொடங்கிய அட்சயா மின்சேவை மையங்கள் போல ஊருக்குள்ளேயே இருக்கும் அமைப்புகள் அதற்குப் பொருந்தக்கூடும். ஆனால் பல கடைகளின் கடவுச்சொற்கள் ஒரே இடத்தில் சேர்வது புதிய ஆபத்து. சான்றிதழ் 47 நாளுக்குச் சுருங்கும்போது மலிவு ஹோஸ்டிங் நிறுவனங்கள் எல்லாம் அதைத் தானியங்கியாக்கித் தருமா என்பதும் அப்போதுதான் தெரியும்.

சட்டத்தின் எல்லையும் தெளிவாகவில்லை. கார்டு எண்களை வணிகர் சேமிப்பதை ரிசர்வ் வங்கி 2022 அக்டோபரில் முடித்து வைத்தது. பழைய தரவுத்தளங்களில் அவை இன்னும் கிடந்தால் அழிக்க வேண்டியது பராமரிப்பு வேலையே. இணைய ஊடுருவலை ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும், பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்கவும் இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் ஆணையிட்டது. 2023-ன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் வந்தன. முக்கியக் கடமைகள் பதினெட்டு மாதம் கழித்து நடைமுறைக்கு வருகின்றன. விருந்தினரின் ஆதார் நகலை முன்பதிவுப் படிவம் வழியே வாங்கிச் சர்வரிலேயே விட்டுவைக்கும் ஹோம்ஸ்டே இதில் எவ்வளவு கடமைப்பட்டது? சில வகை நிறுவனங்களுக்கு விலக்கு அளிக்கச் சட்டம் அரசுக்கு இடம் தருகிறது. நான்கு அறை விடுதி அந்த வகைக்குள் வருமா என்பதைப் பொறுத்தே, பழைய படிவங்களைத் தேடி அழிக்கும் வேலை மறையூரிலும் மூணாற்றிலும் கட்டாயமாவதும் விருப்பமாக நின்றுவிடுவதும்.